அவள் மறக்கட்டும் என்று எழுதியிருந்தாயே

மூங்கிலோடைத் தோட்டம்,
கீழ்ப் பிரிவு, நோர்வூட்.
5.10.1955

அன்பு மகன் வீரய்யாவுக்கு அப்பா கந்தப்பன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே அனைவரும் சுகம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் பொய்யாகிவிடும், அதனால் ஆளாளுக்குப் பிரித்து எழுதுகிறேன். உன் பெண்சாதி பூரணி உடம்புக்குச் சுகம். உன் மகள் நாகலெட்சுமி சுகத்திலும் சுகம், அவளைச் சமாளிக்கிறவர்களுக்குத்தான் சுகமில்லை. நான் ஒரு காலுக்குச் சுகம். நீ உடம்புக்கும் மனசுக்கும் சேர்த்துச் சுகமாக இருக்க முருகன் துணை செய்யட்டும். மழையில் தேயிலை ஸ்டோர்ப் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்ததைப் போன கடிதத்திலேயே எழுதினேன். மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. உள்ளே அரிக்கிறது பார், அதை வாயால் சொல்லி முடியாது, ஈர்க்குச்சியை விட்டுச் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பார்த்து உன் மகளும் ஒரு குச்சியை எடுத்துத் தன் காலைச் சொறிந்துகொள்கிறாள். ஸ்டோரில் கொழுந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த மனிதன் இப்போது லயத்து வீட்டு வாசல் இஸ்தோப்பில் கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளை பார்க்கிறேன் என்று ஊரே சிரிக்கிறது. சிரிக்கட்டும். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற பிள்ளைக்காம்பராவில் மணல்வாரி அம்மை போட்டிருக்கிறது என்று பூரணி நாகுவை அங்கே விடாமல் என்னிடம் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்குப் போகிறாள். அதைப் பார்த்த பக்கத்துக் காம்பரா லெட்சுமி, மாமா சும்மாதானே இருக்கீங்க என்று சொல்லி அவள் மகன் பழனியாண்டியையும் கொண்டுவந்து விட்டுவிட்டாள். அவனுக்கும் நாகு வயதுதான், இரண்டு வயது தாண்டி இன்னும் மூன்று ஆகவில்லை. எழுந்து ஓட முடியாத ஒரு ஆளுக்கு ஓடுகிற பிள்ளை இரண்டு. சும்மா இருப்பது என்றால் என்ன என்று லெட்சுமி ஒருநாள் வந்து இருந்து பார்க்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. வாசித்துக் காட்டச் சொன்னாள் பூரணி, வாசித்தேன். தீபாவளிக்கு லீவு தருகிறேன் என்று கடை முதலாளி தானாகவே சொன்னார், நான்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், சித்திரைக்கு வந்து பிள்ளையை அடித்துவிட்டு வந்த கை இது, சின்னப் பிள்ளைதானே, கொஞ்சகாலம் என் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் மறந்துவிடும், அவள் மறக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். வாசித்து முடித்ததும் பூரணி அடுப்படிக்குப் போய் வேகாத சோற்றை இறக்கி வைத்துவிட்டு நின்றாள். அன்றைக்கு நாங்கள் தின்றது அரிசியா சோறா என்று எனக்கே தெரியாது. உனக்குக் கோபம் இல்லை, வெட்கம்தான் என்று எனக்குப் புரிகிறது. கோபக்காரனாக இருந்தால் நான் நாலு வார்த்தை திட்டி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பேன். வெட்கப்பட்டு ஒதுங்குகிற பிள்ளையை என்னவென்று திட்டுவது? அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகப் போகும். இரும்புக் கடையில் ஆணி நிறுக்கிற நேரத்தில் வாசிக்காதே, அறைக்குப் போய் உட்கார்ந்து வாசி.

சித்திரைக்கு நீ வந்த நாள் எனக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. கொழும்பிலிருந்து ஆள் வந்துவிட்டான் என்றதும் மேல் லயம் கீழ் லயம் அத்தனை பேரும் நம் வாசலில் கூடிவிட்டார்கள். நீ நீளக் கால்சட்டையும் சப்பாத்துமாக, தலையில் வாசனை எண்ணெய் மினுங்க, கையில் பிள்ளைக்குப் புதுக் கவுனோடு வந்து நின்றாய். அந்தக் கவுனை அவளுக்கு அப்போதே போட்டுவிட்டார்கள். அப்பாகிட்டப் போ, போடீ, அப்பாகிட்டப் போ என்று ஆளாளுக்கு முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள், நானும் தள்ளினேன். அவள் அலறிக்கொண்டு பூரணியின் காலுக்குள் புகுந்துகொண்டாள். நீ மூன்று நாளும் மிட்டாய் காட்டிப் பார்த்தாய், பந்து உருட்டிப் பார்த்தாய். கடைசி நாள் பொறுமை போய் இரண்டு புஜத்தையும் பிடித்துத் தூக்கி மடியில் வைத்தாய், அவள் உன் கையைக் கடித்தாள், நீ கன்னத்தில் ஒன்று வைத்தாய். மறுநாள் விடிவதற்கு முன்னே அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே நீ கிளம்பிப் போய்விட்டாய். இது உனக்குத் தெரிந்த கதை. தெரியாத கதையை இனிமேல்தான் எழுதப்போகிறேன்.

சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், பசித்தால் அழும், தின்றால் தூங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். உங்கள் மூன்று பேரையும் போய்ச் சேர்ந்த உன் அம்மா வளர்த்தாள், நீங்கள் எழும்புவதற்கு முன்னே நான் ஸ்டோருக்குப் போய்விடுவேன், வரும்போது தூங்கியிருப்பீர்கள். திடீரென்று ஒருநாள் பார்த்தால் நீ மீசையோடு நின்றாய். நடுவிலே என்ன நடந்தது என்று இப்போதுதான் பேத்தியை வைத்துப் பார்க்கிறேன். வீரய்யா, இது சின்னச் சமாசாரம் இல்லையடா. அந்த இத்தனூண்டு தலைக்குள்ளே வேலைக்கு ஆள் பிரித்து நிறுத்துகிற ஒரு பெரிய பெரட்டுக் களமே இருக்கிறது. ஆசை ஒரு பக்கம் நிற்கிறது, பயம் ஒரு பக்கம் நிற்கிறது, ரோசம் எல்லோருக்கும் முன்னால் வந்து நிற்கிறது. எல்லாவற்றுக்கும் வேணாம் என்கிறாள். குளிக்கலாமா என்றால் வேணாம். சரி குளிக்க வேண்டாம் என்றால் அதற்கும் வேணாம். கருப்பட்டித் துண்டை நீட்டினால் வேணாம் என்று சொல்லிக்கொண்டே வாங்கி வாயில் போட்டுக்கொள்கிறாள். முதலில் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிறகுதான் பார்த்தேன், அவள் சொல்லி நடக்கிற சொல் இந்த உலகத்தில் அது ஒன்றுதான். நமக்கெல்லாம் யார் யாரோ உத்தரவு போடுகிறார்கள், அவளாவது கொஞ்சநாள் வேணாம் என்று சொல்லிக்கொண்டு இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

பழனியாண்டியோடு அவள் படுகிற பாட்டையும் கேள். பால் டின் மூடி இரண்டு இருக்கிறது, ஆளுக்கொன்று கொடுத்தாலும் இரண்டு பேருக்கும் ஒரே மூடிதான் வேண்டும். முந்தாநாள் இவன் பிடுங்க அவள் பிடுங்க, கடைசியில் அவள் அவன் தோளில் பல் பதித்துவிட்டாள். அவன் போட்ட சத்தம் மலையில் நிற்கிற லெட்சுமிக்குக் கேட்டிருக்கும். எனக்கோ எழுந்து போக முடியவில்லை, இருந்த இடத்தில் இருந்தே, கடிச்சா அவனுக்கு வலிக்கும் தாயி, அங்க பாரு, அழுவுறான் பாரு என்று சொன்னேன், அவ்வளவுதான் செய்ய முடிந்தது. அவள் அவனைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அவளும் அழ ஆரம்பித்தாள். பிறகு உள்ளே போய்ப் பூரணி முன்பு மலையில் போர்த்திக்கொண்டிருந்த பழைய கொங்காணித் துணியை இழுத்துக்கொண்டு வந்தாள். அது இல்லாமல் அவள் தூங்கமாட்டாள், யாரையும் தொட விடமாட்டாள். அதைக் கொண்டுவந்து அவன் தலையில் போர்த்திவிட்டு எதிரே குந்திக்கொண்டாள். அவன் அழுகை நின்றதும் வெடுக்கென்று உருவிக்கொண்டு போய்விட்டாள், அது வேறு விஷயம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் தனக்கு எது ஆறுதலோ அதைத் தூக்கிக் கொடுத்தாளே என்று நான் சொறிகிற குச்சியைக் கீழே போட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் கடித்த பிள்ளைதான் அது.

கணக்கப்பிள்ளை செல்லசாமியைப் பற்றி எழுதினால்தான் விஷயம் விளங்கும். வேலைக்கு வராமல் லயத்தில் யார் படுத்திருக்கிறார்கள் என்று பார்க்க அவர் ஒருநாள் காலையில் வந்தார். அரைக் கால்சட்டையும் முழங்கால் வரைக்கும் இழுத்த கால்மேசோடும் கட்டைச் சப்பாத்துமாகக் கல்பாதையில் டக்கு டக்கென்று அவர் வரும் சத்தம் கேட்டதோ இல்லையோ, இஸ்தோப்பில் விளையாடிக்கொண்டிருந்த நாகுவைக் காணோம். கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். அவர் என் காலைப் பார்த்து ரெண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார், பாவம், அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் தவழ்ந்து போய்க் குனிந்து பார்த்தேன். கண்ணை இறுக மூடிக்கொண்டு, வலது கையால் இடது புஜத்தைப் பொத்திப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். கன்னத்தைப் பொத்தவில்லை வீரய்யா. நீ அடித்தது கன்னத்தில். அவள் பொத்திக்கொண்டது புஜத்தை.

சாயங்காலம் பூரணி வந்ததும் பிள்ளைக்குக் கையிலே என்ன என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சித்திரைப் பிறப்புக்கு முந்திய வாரம் பிள்ளைக்காம்பராவுக்கு அம்மை குத்துகிற ஐயா வந்திருக்கிறார். கால்சட்டை, சப்பாத்து, தலையில் வாசனை எண்ணெய். பிள்ளைகளை ஒவ்வொன்றாக இரண்டு புஜத்தையும் பிடித்துத் தூக்கி மேசையில் வைத்துக் குத்தியிருக்கிறார். நீ வந்த அன்று நாகுவுக்குக் குத்தின இடம் பொங்கிப் புண்ணாக இருந்திருக்கிறது. நல்ல நாளும் அதுவுமாகப் புண் என்று சொல்வானேன் என்று பூரணி மஞ்சளை வைத்து மூடிவிட்டாள். அதன் மேலேதான் நீ ஆசையாக வாங்கிவந்த கவுனின் இறுக்கமான கை ஏறியிருக்கிறது, அதற்கும் மேலேதான் உன் கை பிடித்திருக்கிறது. அவளுக்கு நீ யார்? நீ போன தீபாவளிக்கு வந்தபோது அவள் தத்தித் தத்தி நடந்த பிள்ளை. நம் லயத்துக்குள் சப்பாத்துச் சத்தத்தோடு வருகிறவர்கள் துரையும் கணக்கப்பிள்ளையும் ஊசிக்காரரும்தான், அப்பன் என்கிற ஆள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருவான் என்று இங்கே எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? குத்தினவர்தான் திரும்பி வந்துவிட்டார் என்று அவள் நினைத்திருக்கிறாள். அதை நாங்களும் கண்டுபிடிக்கவில்லை, நீயும் கண்டுபிடிக்கவில்லை, சொல்ல அவளுக்கு வாயும் இல்லை. பல் இருந்தது, அதைக் கொண்டு சொன்னாள். அவள் உன்னை வெறுத்தாள் என்று அறை எடுத்துத் தனியாக உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அந்த நினைப்பை முதலில் தூக்கி எறி.

இன்னொன்றும் பூரணி அன்றைக்குத்தான் சொன்னாள். நீ சொல்லாமல் கிளம்பிப் போன அந்தக் காலையில் நாகு எழும்பியதும் நீ படுத்திருந்த பாய்க்குப் போயிருக்கிறாள். தலையணையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். கதவுக்குப் பின்னால் பார்த்திருக்கிறாள். நீ மனக்கசப்போடு போயிருக்கும்போது இதை எழுதினால் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும் என்று பூரணி யாரிடமும் சொல்லவில்லை. பயந்த ஆளைத் தேடுவாளா என்று கேட்காதே. பிள்ளை மனசு அப்படித்தான் இருக்கிறது. மூன்று நாளும் அம்மாவின் காலுக்குள் இருந்துகொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். கிட்ட வர இன்னும் கொஞ்சநேரம் வேண்டியிருந்தது, அதற்குள் நம் எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது.

மறந்துவிடும் என்கிறாயே, அதற்கும் சொல்கிறேன். அகப்பைக்குத் துணி சுற்றி அவளுக்கு ஒரு பொம்மை செய்து கொடுத்திருக்கிறேன். அதை மடியில் வைத்து, சோறு ஊட்டி, பேசிக்கொண்டே இருப்பாள், நன்றாகத்தான் இருக்கும். திடீரென்று அதற்கு ஒரு அடி வைப்பாள். கீழே போட்டுவிட்டு வாசற்படி வரைக்கும் நடந்து போய், அப்பா போயாச்சு என்பாள். பிறகு தானே திரும்பி ஓடிவந்து அதைத் தூக்கித் தோளில் போட்டு ஆட்டுவாள். மழைக்காலம் தொடங்கியதிலிருந்து இதே விளையாட்டு. நான் முதலில் அடிக்காதே என்று சொல்லித் தடுத்தேன், பிறகு விட்டுவிட்டேன், அவள் எதையோ சரிசெய்யப் பார்க்கிறாள் என்று பட்டது. அந்தக் கடைசிப் பாகம் இருக்கிறதே, திரும்பி வந்து தூக்குகிற பாகம், அதை அவளே செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதைச் செய்ய வேண்டியவன் கொழும்பில் லீவு வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நீ வராமல் இருந்தால் அவள் மறக்கப்போவது அடியை இல்லை ராசா. அடித்தவன் திரும்பி வருவான் என்கிற நம்பிக்கையைத்தான் மறந்துபோவாள். எனக்கு இருக்கிற கவலை அது ஒன்றுதான், வேறு கவலை இல்லை.

ஒளிந்து போவதைப் பற்றியும் ஒன்று கண்டேன். காலையில் பெரட்டுக்குத் தப்பு மேளம் அடித்ததும் பூரணி வழக்கமாக நாகுவுக்குத் தெரியாமல் பின்வாசலால் நழுவிவிடுவாள், இந்த லயத்தில் எல்லாப் பொம்பிளைகளும் செய்கிற வேலைதான். பொழுதெல்லாம் பிள்ளை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுக்குப் போகக்கூட விடமாட்டாள், நானும் எங்கே மாயமாகிவிடுவேனோ என்று. ஒருநாள் பூரணிக்குப் பிந்திவிட்டது, நழுவ முடியவில்லை. நேரே குனிந்து, அம்மா கொழுந்தெடுக்கப் போறேன், வெளிச்சம் மங்கையில வந்துருவேன், நீ தாத்தாவோட இரு என்று சொல்லிவிட்டு முன்வாசலால் போனாள். பிள்ளை விழுந்து புரண்டு அழுதது, நான் பூரணியைத் திட்டினேன். ஆனால் அழுது முடித்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள், அன்றைக்கு என் சட்டையைப் பிடிக்கவே இல்லை. குழாயடி வரைக்கும் தானாகப் போகிறாள், நான் இருக்கிறேனா என்று திரும்பி ஒரு பார்வை பார்க்கிறாள், இருக்கிறேன் என்று கையை ஆட்டினால் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகிறாள். வெளிச்சம் மங்கியபோது படியில் போய் உட்கார்ந்துகொண்டாள், பூரணியும் வந்துவிட்டாள். அன்றிலிருந்து சொல்லிவிட்டுத்தான் போகிறாள். அதனால் நீ வந்தாலும் போகும்போது அவளை எழுப்பிச் சொல்லிவிட்டுப் போ. அழுவாள். அழட்டும்.

இப்போது சிரிக்கிற கதை ஒன்று. துணி மூட்டையோடு லயத்துக்கு வருகிற நோர்வூட் பாவாவிடம் பழைய சப்பாத்து ஒரு சோடி இருந்தால் கொண்டுவரச் சொன்னேன். ஒத்தக் கால்ல கட்டுப் போட்டுக்கிட்டு ரெண்டு சப்பாத்து என்னாத்துக்கு கந்தப்பண்ணே, துரையாகப் போறீங்களா என்று அந்த மனிதன் இஸ்தோப்பில் உட்கார்ந்து சிரித்தார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது, எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குண்ணே என்று சொல்லி, அடுத்த முறை வரும்போது கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். நான் அதை இஸ்தோப்பு ஓரத்தில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. முதல்நாள் அவள் அந்தப் பக்கமே வரவில்லை, பின்வாசலால் சுற்றிப் போனாள். அப்புறம் பழனியாண்டியைத் தள்ளிவிட்டுப் பார்த்தாள், அவனை அது ஒன்றும் செய்யவில்லை. குச்சியால் குத்திப் பார்த்தாள். கல்லைப் போட்டுப் பார்த்தாள். பிறகு அகப்பைப் பொம்மையை ஒரு சப்பாத்துக்குள் படுக்க வைத்துத் தாலாட்டினாள். போன கிழமை இரண்டு காலையும் விட்டுக்கொண்டு இஸ்தோப்பில் டக்கு டக்கென்று நடந்து, என்னாய்யா, வேலைக்குப் போவலியா என்று என்னைப் பார்த்து அதட்டினாள். செல்லசாமி கணக்கப்பிள்ளையின் குரல் அப்படியே இருந்தது. அந்தப் பக்கமாக வந்த அவரே அதைக் கேட்டுவிட்டுச் சிரித்து, எனக்கு வேலை போச்சுப்பா என்று சொன்னார். அவளும் ஒளியவில்லை, என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டாள், அவ்வளவுதான். இதையெல்லாம் நான் எழுதுவது உன் பாதை கொஞ்சம் துப்புரவாகியிருக்கிறது என்று காட்டத்தான். மிச்சத்தை நீதான் செய்ய வேண்டும், பாவாவின் சப்பாத்து செய்யாது.

வரும்போது எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறேன், அப்பனுக்கு அப்பன் சொல்கிறேன் என்று கேள். வாசலில் கூட்டம் கூடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு, இந்தக் கட்டைக் கோலால் அடித்தே விரட்டிவிடுவேன். நீ வந்ததும் அவளைத் தேடாதே. என்னோடு உட்கார், தேத்தண்ணி குடி, கொழும்புக் கதை பேசு. அவள் தூரத்திலிருந்து பார்ப்பாள், நீ பார்க்காதது போல இரு. ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து உன் பக்கத்தில் போட்டுவிட்டு ஓடுவாள், ஒரு கல்லோ மூடியோ, அதை வாங்கி வைத்துக்கொள், சத்தமாகச் சிரிக்காதே. அன்றைக்கே மடியில் ஏறவேண்டும் என்று இல்லை. மறுநாளும் ஏறாவிட்டால் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாதே, அவள் உன் முகத்தைத்தான் படித்துக்கொண்டிருப்பாள். கடைசிவரை கிட்டவே வராமல் போனாலும் சொல்லிவிட்டுப் போ, மறுபடி வா. இரும்புக் கடையில் துருப்பிடித்த பூட்டைத் திறக்க எண்ணெய் விட்டுக் காத்திருப்பாயா, சுத்தியால் அடிப்பாயா? நீ அடித்தது தப்புத்தான், இல்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அதற்குத் தண்டனை என்று நீ உனக்கு விதித்துக்கொண்டிருப்பதை அவளல்லவா அனுபவிக்கிறாள். பூரணியும் அனுபவிக்கிறாள். அவள் எதுவும் எழுதச் சொல்லவில்லை, கேட்டதற்கு, அவுக உடம்பப் பாத்துக்கச் சொல்லுங்க மாமா என்று மட்டும் சொன்னாள். வருவீர்களா என்று கேட்க அவளுக்கும் வாய் வரவில்லை, புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் அதே வியாதிதான்.

முதலாளியிடம் இன்றைக்கே போய் லீவு வேண்டும் என்று சொல். வேண்டாம் என்று சொன்ன வாய்தானே, வேண்டும் என்று சொன்னால் தேய்ந்துபோகாது. ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கியதும் அங்கே இங்கே நின்று பேசிக்கொண்டிருக்காமல் பஸ்ஸைப் பிடி, பிந்தினால் நோர்வூட்டிலிருந்து மழையில் நடக்க வேண்டி வரும். ஐப்பசிக் குளிருக்குக் கம்பளி இல்லாமல் வராதே, கொழும்புச் சூட்டில் இருந்த உடம்பு தாங்காது. பிள்ளைக்குக் கவுன் வாங்கினால் கை அகலமாகப் பார்த்து வாங்கு. பழனியாண்டிக்கும் ஏதாவது ஒன்று வாங்கு, நாகுவுக்கு வாங்குவதைப் போலவே அச்சாக இருக்கட்டும், அப்போதும் சண்டை பிடிப்பார்கள், இருந்தாலும் வாங்கு. நேரத்துக்குச் சாப்பிடு, தனியாக உட்கார்ந்து எதையாவது நினைத்துக்கொண்டிருக்காதே. முருகன் உன்னைக் காப்பான். நீ பெற்றவளும் உன்னைப் பெற்றவனும் உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் மேல் பிரியம் குறையாத அப்பா,
சு. கந்தப்பன்

எழுதி முடிப்பதற்குள் தபால் போய்விட்டதால் கடிதம் நேற்று என் தலைமாட்டிலேயே கிடந்தது. அதுவும் நல்லதாகப் போயிற்று, இதையும் சேர்த்து எழுதுகிறேன். நேற்றுச் சாயங்காலம் நம் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் வாத்தியார் ஆண்டியப்பன் என் காலைப் பார்த்துவிட்டுப் போக வந்தார். உன் வயதுதான் இருக்கும், உன் உயரம், நீளக் கால்சட்டை. கல்பாதையில் சத்தம் கேட்டதும் நாகு விளையாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். கட்டிலுக்கு அடியில் போகவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்தாள், மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தாள். பிறகு என் காதுக்குள் வாயை வைத்து, அப்பாவா என்று கேட்டாள். இல்ல தாயி, இவுக வாத்தியாரு என்று சொன்னேன். இன்னொரு தரம் அவரைப் பார்த்தாள். அப்புறம் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். சத்தம் போடவில்லை. பயந்து அழுதால் எப்படி அழுவாள் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும், இது அந்த அழுகை இல்லை. சித்திரையில் நீ வந்ததற்கு அழுத பிள்ளை, நேற்று வந்தவர் நீ இல்லை என்று அழுதது. இதற்குமேல் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை வீரய்யா. வா.